கதவு மடங்கினால் கை, கூரை திறந்தால் தலை

பொம்மைக் கடைத் தொழிலில் கேட்பவர் ஒருவர், வாங்கிக் கொடுப்பவர் ஒருவர், உடைப்பவர் இன்னொருவர். திட்டு வாங்குவது மட்டும் எப்போதும் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு லாட்ஜுக்கும் ஒரு ஜூஸ் கடைக்கும் நடுவில் ஒடுங்கி நிற்கிறது எங்கள் கடை. நானும் என் வீட்டுக்காரரும்தான் முதலாளி, வேலையாளும் நாங்களேதான். தேனி பஸ், திண்டுக்கல் பஸ், கோயம்புத்தூர் பஸ் என்று ஏறப் போகிறவர்களுக்கு, ஊரில் காத்திருக்கும் பிள்ளையின் ஞாபகம் கடைசி நிமிஷத்தில் வரும். ஒரு கண் பஸ் மேலும் ஒரு கண் பொம்மை மேலுமாக உள்ளே நுழைவார்கள். பந்து, பலூன், சொப்புச் சாமான் எல்லாம் நின்ற நிலையில் விற்றுவிடலாம். எங்களைப் படுத்தி எடுப்பது ரோபோ கார்தான்.

அதைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டீர்கள். உங்கள் வீட்டுக் கட்டிலுக்கடியிலும் ஒன்று ஒரு கை இல்லாமல் கிடக்கும். சிவப்புக் கார். பானெட்டை மடக்கினால் நெஞ்சு. கதவுகளை விரித்து மடக்கினால் கைகள். பின்பக்கத்தை இரண்டாகப் பிரித்து இழுத்தால் கால்கள். கூரையில் இருக்கும் சின்னக் கொக்கியை நெம்பினால் உள்ளே ஒளிந்திருக்கும் தலை எட்டிப் பார்க்கும். அட்டைப்பெட்டிப் படத்தில் இதெல்லாம் பூ மலர்கிற மாதிரி நடக்கிறது. கடையில் செய்து காட்டும்போது பிரசவம் பார்க்கிற மாதிரி இருக்கும். விற்றவர்களும் வாங்கிக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்களுமாகிய நாம் எல்லோரும் ஒரே கட்சி என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

பெட்டிக்குள் போகாதவர்

ரோபோ கார் முதன்முதலில் வந்த அன்று வீட்டுக்காரர் என்னை அதைத் தொடவே விடவில்லை. “உள்ள மெக்கானிசம் இருக்கு, நான் பாத்துக்கறேன்” என்றார். பெட்டியில் இருந்த காகிதத்தில் எழுத்தே கிடையாது. வெறும் அம்புக்குறிகள், திருவிழாவுக்குப் போலீஸ் போடுகிற மாற்றுப் பாதை மாதிரி வளைந்து வளைந்து போயின. அந்த நேரம் பார்த்து உசிலம்பட்டி பஸ்ஸுக்குப் போகிற ஒரு பெண் கட்டைப்பையோடு உள்ளே வந்து, “மாறுமாண்ணே? மாத்திக் காட்டுங்க” என்றார். இவர் மடக்கினார், இழுத்தார், திருப்பினார். ஒரு கட்டத்தில் அது காருமில்லாமல் ரோபோவுமில்லாமல் நண்டு மாதிரி கிடந்தது. ஒருவழியாக எழுந்து நின்றது. இவர் முகத்தில் வேர்வையும் பெருமையும் சேர்ந்து வழிந்தன. “நல்லாருக்குண்ணே, பெட்டில போட்டுக் குடுங்க, பஸ் எடுக்கப் போறான்” என்றார் அந்தப் பெண்.

வினை அங்கேதான் இருந்தது. பெட்டிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தட்டில் காருக்குத்தான் குழி. ரோபோவுக்கு இடம் கிடையாது. திரும்பக் காராக்க இவருக்குத் தெரியவில்லை. காலை மடக்கினால் கை நீட்டிக்கொண்டது. கையை மடக்கினால் தலை வந்தது. அப்படியே வைத்து மூடியை அமுக்கினால், ரோபோ தலையால் மூடியை முட்டித் திறந்தது. நானும் ஒரு பக்கம் பிடித்தேன். உள்ளே எங்கேயோ ‘கடக்’கென்றது, பயந்து விட்டுவிட்டேன். வெளியே கண்டக்டர் விசிலடித்தார். அந்தப் பெண் எங்கள் இரண்டு பேரையும் பரிதாபமாகப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார்: “விடுங்கண்ணே, ரோபோவாவே குடுங்க. சன்னல் சீட்டுல மடியில உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போயிர்றேன்.”

எங்கள் பாஷை

நாங்கள் சௌராஷ்டிரர்கள். எங்களுக்குள் பேசிக்கொள்வது எங்கள் பாஷையில். கடைக்காரர்களுக்கு இது ஒரு பெரிய வசதி. வாடிக்கையாளருக்கு நேரே நின்றுகொண்டே அவரைப் பற்றிப் பேசலாம். ஒருநாள் திருநகரிலிருந்து ஹெல்மெட்டும் கையுமாக ஒருவர் வந்தார். நான் எடுத்துக் கொடுத்த ரோபோ காரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்கு இடுப்பு ஆடியது. வீட்டுக்காரர் முகத்தில் சிரிப்பு மாறாமல் எங்கள் பாஷையில் சொன்னார்: இதைக் கொடுக்காதே, இடுப்பு லூசு, நாளைக்கே திரும்பி வரும், உள்ளேயிருந்து வேறு எடு. நானும் சிரித்துக்கொண்டே எங்கள் பாஷையில், எடுக்கிறேன், ஆனால் விலையைக் குறைக்காதீர்கள், இவர் முகத்தைப் பார்த்தாலே பேரம் பேசத் தெரியாதவர் என்று தெரிகிறது என்றேன்.

வேறு பெட்டி வந்தது. நாங்கள் சொன்ன விலையை அவர் கொடுத்தார். ஹெல்மெட்டை மாட்டப் போனவர் ஒரு கணம் நின்று, சுத்தமான சௌராஷ்டிரத்தில் எங்களுக்கு நன்றி சொன்னார். நான் கல்லாவுக்குள் குனிந்து எதையோ தேடினேன். “நீங்க நம்மாளுங்களா?” என்று வீட்டுக்காரர் குழறினார். “இல்லண்ணே, நான் வேற ஆளுக. மகால் பக்கம் வளந்தேன். கூட விளையாண்ட பயலுக பூராம் உங்காளுக” என்றவர், என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை, மெய்யாகவே கொஞ்சம் வருத்தம் இருந்தது: “இடுப்பு லூசுன்னு தெரிஞ்சு வேற எடுத்துக் குடுத்தீங்க பாருங்க, அதுக்குத்தான் நன்றி. என் மூஞ்சியப் பத்திச் சொன்னதத்தான் அக்கா என் பொண்டாட்டியும் கல்யாணமான நாள்லேர்ந்து சொல்லிக்கிட்டிருக்கா.”

பாதியில் நிறுத்தியது

சமயநல்லூரிலிருந்து ஒரு அம்மாவும் சின்னப் பெண்ணும் வந்தார்கள். பெண்ணுக்குப் பல் விழுகிற வயது. அம்மா எடுத்தது ஜடை போட்ட பொம்மை. பெண் பிடித்தது ரோபோ கார். நான் செய்து காட்டிக்கொண்டிருந்தேன். பின்பக்கத்தைப் பிரித்துக் கால்களை இழுத்து, தலையை இன்னும் எடுக்காத நேரத்தில் அந்தப் பெண் என் கையைப் பிடித்துத் தடுத்தாள். “போதும்” என்றாள். முடியவில்லை பாப்பா, இன்னும் தலை வர வேண்டும், கை வர வேண்டும் என்றேன். தலையாட்டி மறுத்தாள்.

அம்மாவுக்குப் பஸ் அவசரம். “ஏய், முழுசா மாத்தவும் விட மாட்டேங்கிற, இந்தப் பொம்மையும் வேணாங்கிற. என்னதான்டி வேணும் உனக்கு?” என்று அதட்டினார். பின்காலும் முன்சக்கரமுமாக நாலு காலில் நின்றிருந்த அந்தப் பாதி காரை அவள் மேஜைக் கண்ணாடி மேல் தள்ளித் தள்ளி நடக்க வைத்தாள். நான் குனிந்து பார்த்தேன். பானெட் முகமாக நீண்டிருந்தது, கதவுகள் காது மாதிரி தொங்கின. இத்தனை நாள் மாற்றிக் காட்டிய எனக்கு இது கண்ணில் படவே இல்லை. அவள் எங்கள் இருவருக்கும் பொறுமையாக விளக்கினாள்: “முழுசா மாத்துனா ரோபோ. மாத்தாட்டிக் காரு. பாதியில விட்டாத்தான் ஆடு. எனக்கு ஆடுதான் வேணும்.”

முழங்கால் வலி

இந்த ரோபோவை வடிவமைத்தவர் யாரோ, முகத்துக்குக் காட்டிய அக்கறையை முழங்காலுக்குக் காட்டவில்லை. நெஞ்சில் கண்ணாடி மாதிரி பளபளப்பு, கண்ணில் நீல வர்ணம், தோளில் பட்டை. ஆனால் முழங்காலில் மட்டும் பல்குச்சி கனத்தில் ஒரு பிளாஸ்டிக் முளை. உடம்புப் பாரம் பூராவும் அதன் தலையில். சாயங்காலம் நிமிர்த்தி வரிசையாக நிற்க வைத்துவிட்டுப் போனால், காலையில் கடை திறக்கும்போது அத்தனை பேரும் மண்டியிட்டுக் கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள். பார்க்கப் பக்தியாக இருக்கும். ஆனால் வீட்டுக்குப் போய் மண்டியிட்டவை எல்லாம் திரும்ப எங்கள் கடைக்கு வந்தன. “இம்புட்டுப் பெரிய ரோபோ, சாமி கும்புடத்தான் லாயக்கா?” என்று கேட்டுவிட்டுப் போனார் ஒரு மேலூர்க்காரர்.

மொத்தக் கடை ஏஜெண்ட் செந்தில் வந்தபோது பிடித்துக்கொண்டேன். முளையை எடுத்துவிட்டு ஒரு ஸ்க்ரூ போடச் சொல்லுங்கள் தம்பி, வேறொன்றும் வேண்டாம் என்றேன். செந்தில் நல்ல பையன். சிரித்தான், போன் எடுத்துப் படம் பிடித்தான், சொல்கிறேன் அக்கா என்றான். எத்தனையோ ‘சொல்கிறேன் அக்கா’க்களைக் கேட்ட எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அடுத்து வந்த சரக்கில், நான் சொன்னதாலோ ஊரெல்லாம் சொன்னதாலோ, முழங்காலில் ஸ்க்ரூ இருந்தது. வீட்டுக்காரர் ஒன்றை எடுத்துக் கண்ணாடி மேல் ‘டங்’கென்று நிறுத்தினார். அசையவில்லை. அன்றைக்கு நான் விற்ற தோரணையைப் பார்த்திருக்க வேண்டும். தொழிற்சாலையே என்னுடையது மாதிரி, உடையவே உடையாது, தைரியமாக வாங்கிட்டுப் போங்க என்று அடித்துச் சொன்னேன்.

கொஞ்ச நாளில் ஒரு அம்மா பிளாஸ்டிக் பையோடு வந்து, அதைக் கவிழ்த்தார். கை, கால், நெஞ்சு, சக்கரம், தலை எல்லாம் கண்ணாடி மேல் உருண்டன. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சமாதானம் சொன்னார்: “நீங்க சொன்னது கரெக்ட்தான்க்கா, ஒண்ணுகூட உடையல. ஸ்க்ரூவப் பாத்ததும் எம் பையன் அவங்கப்பா டூல்ஸ எடுத்துக் கழட்டிட்டான்.”

ஆம்புலன்ஸ்

ரோபோ காரில் பேட்டரி வகை ஒன்றும் உண்டு. கையால் மாற்ற வேண்டாம். தானே ஓடும், தானே எழுந்து நிற்கும், எழுந்து நின்றதும் சைரன் அடிக்கும். பேட்டரி போட்டுச் செய்து காட்டிவிட்டு, சுவிட்சை அணைத்து அப்படியே பெட்டியில் வைத்துக் கொடுப்பது வழக்கம். அந்தச் சுவிட்ச் இருப்பது காரின் வயிற்றில். ஒரு சின்ன மேடு. லேசாக எதுவும் இடித்தாலே போதும், உயிர் வந்துவிடும். இப்படி ஒரு வடிவமைப்பு என்ன விளைவைத் தரும் என்று எங்களுக்குச் சொன்னவர் தேனி போகும் பஸ்ஸின் கண்டக்டர். டீ குடிக்க இறங்கினவர் நேரே கடைக்குள் வந்தார்.

முந்தின நாள் எங்களிடம் ரோபோ வாங்கியவர் அதை ஒரு பையில் வைத்து, பையைச் சீட்டுக்கடியில் வைத்து, அதற்கு முட்டுக்கொடுத்துக் காலை நீட்டித் தூங்கிவிட்டாராம். ஊர் எல்லை தாண்டியதும் பின்னால் சைரன் கேட்டதாம். டிரைவர் மரியாதை தெரிந்தவர், ஓரங்கட்டினார். எந்த வண்டியும் தாண்டிப் போகவில்லை. சைரனும் நின்றது. கிளம்பினார், ஒரு பள்ளத்தில் இறங்கியதும் மறுபடி சைரன். மறுபடி ஓரங்கட்டினார். பஸ்ஸில் ஒரு பாட்டையா, ‘பாவம் யாருக்கு என்னவோ’ என்று கையெடுத்துக் கும்பிட்டாராம். வீட்டுக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். கண்டக்டர் டிக்கெட் பையைத் தோளில் ஏற்றிவிட்டுச் சொன்னார்: “இனிமே பேட்டரியத் தனியாக் குடுங்கக்கா. செக்கானூரணி போற வரைக்கும் எங்க சீட்டுக்கடியில இருந்த ஆம்புலன்ஸுக்கு நாங்களே வழி விட்டுக்கிட்டே போயிருக்கோம்.”

மாறாதது

ஆனையூரில் ஒரு குடியிருப்பில் ஒரு பையனுக்குப் பிறந்தநாள். அன்று காலையிலிருந்து ஆள் மாற்றி ஆள் வந்து ரோபோ கார் கேட்டார்கள். பரிசுக் காகிதம் சுற்றிச் சுற்றி எனக்குக் கை ஓய்ந்தது. எங்கள் பொம்மைக்கு ஏரியாவில் பெயர் பரவிவிட்டது என்று வீட்டுக்காரர் மகிழ்ந்துபோய், எனக்குப் பக்கத்துக் கடையிலிருந்து சாத்துக்குடி ஜூஸ் வாங்கிக் கொடுத்தார்; இது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை.

மறுநாள் அந்தப் பையனின் அம்மா ஒரு பெரிய பையோடு வந்தார். பையனும் கூடவே வந்தான், முகம் வாடியிருந்தது. பையில் எல்லாம் அதே சிவப்பு. பிரித்துப் பிரித்துப் பார்த்து, கடைசிப் பெட்டியும் ரோபோ கார் என்றதும் பையன் அழுதுவிட்டானாம். அன்பளிப்பைத் திரும்ப எடுக்கும் பழக்கம் எங்கள் கடையில் இல்லை. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்தால் எப்படி மறுப்பது? ஒன்றை வைத்துக்கொள்ளச் சொல்லி, மிச்சத்துக்கு வேறு எடுத்துக்கொள்ளச் சொன்னேன். பையனுக்குப் பழக்க தோஷம். எதை எடுத்தாலும் இது என்னவாக மாறும் என்று என்னிடம் கேட்டுக்கொண்டே வந்தான். விமானமாக மாறும் டைனோசரை நான் எடுத்து நீட்டியதும் அந்த அம்மா இரண்டு கையையும் கூப்பிவிட்டார்: “வேணாம்க்கா. எதுவாவும் மாறாம, வச்சா வச்ச எடத்துல அதுவாவே இருக்கிற பொம்மை ஒண்ணு இருந்தாக் குடுங்க.”

வலது கை

கருப்பையா அண்ணனை எனக்கு முதலில் கடைக் கண்ணாடிக்கு வெளியே நிற்கிற ஆளாகத்தான் தெரியும். செவ்வாய்க்கிழமை தோறும் மனைவி செல்வியோடு வாடிப்பட்டிப் பக்கமிருந்து வருவார். இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி. முடித்துவிட்டு பஸ் வருகிற வரைக்கும் எங்கள் கடை நிழலில் நிற்பார்கள். தனியார் பஸ் டிரைவர். அப்பா அம்மா கடைசி வரை அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அந்தத் தெருவிலேயே முதலில் கனரக வண்டி லைசென்ஸ் எடுத்தது இவர். ஒருநாள் காலையில் பல் விளக்கும்போது பிரஷ் கையிலிருந்து விழுந்தது. அவ்வளவுதான். பக்கவாதம். கால் பிழைத்துக்கொண்டது, பேச்சு பிழைத்துக்கொண்டது, வலது கை மட்டும் வரவில்லை. டிரைவர் என்பது ஸ்டாண்டில் எல்லோருக்கும் தெரியும், மிச்சமெல்லாம் பின்னால் செல்வி சொன்னது.

ஒரு செவ்வாய்க்கிழமை நான் யாருக்கோ ரோபோ கார் மாற்றிக் காட்டிக்கொண்டிருந்தேன். அவர்கள் போன பிறகு இவர் உள்ளே வந்தார். “அத இங்கிட்டுக் குடுங்க, பாப்போம். பையனுக்குத்தான்” என்றார். கொடுத்தேன். இடது கையில் காரைப் பிடித்துக்கொண்டு வலது கையைக் கதவின் மேல் வைத்தார். விரல்கள் வழுக்கின. மறுபடி வைத்தார். புதுப் பொம்மை, கீல் எல்லாம் இறுக்கம். எனக்கே நகம் நோகும். மூன்றாவது முறை பொம்மை தரையில் விழுந்தது. அவர் குனியவில்லை. செல்வி என் பக்கம் வந்து மெதுவாக, “எங்களுக்குப் பையனே இல்லக்கா, ஒரே பொண்ணு, காலேஜ் போறா. பயிற்சிக்குக் குடுத்த பந்த, சின்னப்புள்ள சாமான்னு சொல்லி வாய்க்கால்ல எறிஞ்சிட்டாரு” என்றாள்.

வீட்டுக்காரர் அதைக் கேட்கவில்லை. ஆனால் அவருக்கு என்ன தோன்றியதோ, அன்று காலையில் ஒருவர் லூசாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன ரோபோ காரை மேஜைக்குக் கீழேயிருந்து எடுத்தார். இடுப்பு, தோள், கதவு எல்லாம் தொளதொளவென்று ஆடும். அதைக் கருப்பையா அண்ணன் முன்னால் வைத்தார். “அண்ணே, அது இன்னும் ரோட்டுக்கே வராத வண்டி. கியரு விழாது. இது ஓடிப் பழகுன வண்டி, இத எடுத்துப் பாருங்க” என்றார். கருப்பையா அண்ணன் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு லூசு வண்டியை எடுத்தார். கதவு விரிந்தது. ஒரே ஒரு கதவுதான். அதற்கே நெற்றியில் வேர்த்தது. “பையனுக்கு இதே போதும்” என்று சட்டைப் பையைத் துழாவினார். திரும்பி வந்த பொருளை விற்பதில்லை, எடுத்துட்டுப் போங்க என்றோம். கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தேன். கோபித்துக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் வந்து இரண்டு கதவையும் விரித்துக் காட்டினார். அதற்கடுத்து ஒரு நாள் பானெட். நடுவில் சில வாரங்கள் வரவில்லை. எனக்குச் செவ்வாய்க்கிழமையானால் கண் வாசலுக்கே போனது. வந்தபோது முகம் கறுத்திருந்தது. கையில் முன்னேற்றம் நின்றுபோனது என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். கம்பெனியில் அவர் ஓட்டிய வண்டிக்கு வேறு டிரைவரைப் போட்டுவிட்டார்களாம். ரோபோவைக் கண்ணாடி மேல் வைத்தார். “இந்தாங்க தாயி, வச்சுக்கங்க. வண்டி ஓட்டுன கை, பொம்மை ஓட்டிக்கிட்டு கெடக்கு.” எனக்குத் தெரிந்ததெல்லாம் பொம்மைதான். அதனால் பொம்மையைப் பற்றியே பேசினேன். “கூரைக் கொக்கிய நெம்புனீங்களாண்ணே?” என்றேன். இல்லை என்றார். அந்தக் கொக்கிதான் எங்களிடம் எல்லோரும் புகார் சொல்கிற இடம். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளினால்தான் தலை வரும். குழந்தைகளின் விரலுக்கு அது கல். “அது வராம வண்டியத் திருப்பிக் குடுத்தா நான் வாங்க மாட்டேன். தலை வராத ரோபோவ நான் என்ன செய்ய?” என்று கொஞ்சம் அதட்டலாகவே சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர் மிரண்டுபோய் என்னைப் பார்த்தார். கருப்பையா அண்ணன் ரோபோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை. நோயாளி ஒருவரிடம் வாய் நீண்டுவிட்டதே என்று.

மழைக்காலம் வந்தது, போனது. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கூட்டம் இல்லாத நேரம், இரண்டு பேரும் உள்ளே வந்தார்கள். அவர் கண்ணாடி அலமாரியைக் காட்டி, புதுப் பெட்டி ஒன்றை எடுக்கச் சொன்னார். இறுக்கமான புது வண்டி. கதவை விரித்தார், பானெட்டை மடக்கினார், கால்களைப் பிரித்தார். ஒவ்வொன்றுக்கும் நேரம் ஆனது. வெளியே வாடிப்பட்டி பஸ் வந்து நின்றது. “பஸ் வந்துருச்சு, வாங்க” என்றாள் செல்வி. “போகட்டும், அடுத்ததுல போவோம்” என்றார். கொக்கிக்கு வந்தார். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் அதன் மேல் நடுங்கிக்கொண்டே நின்றன. வழுக்கின, திரும்ப ஏறின. ஜூஸ் கடைக்காரர் சில்லறை கேட்க வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். தலை வந்தது. நாங்கள் கை தட்டியிருப்போம், அவர் விடவில்லை. “இருங்க, இன்னும் காராக்கணும்ல” என்று திரும்ப மடக்க ஆரம்பித்தார். அதுவும் ஆனது. பெட்டிக்குள் வைத்து மூடியும் போட்டார். எங்கள் வீட்டுக்காரருக்கே அது வெகுநாள் வராமல் இருந்த வித்தை.

அவர் திரும்ப பஸ் ஓட்டப் போகவில்லை. அதற்கு விட மாட்டார்கள், அவருக்கும் தெரியும். கம்பெனியில் பேசி, இதே பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் வேலை வாங்கிக்கொண்டார். வருகிற போகிற வண்டிக்கு நேரம் எழுத வேண்டும். எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், ஆனால் அவர் எழுத்து. டிரைவர்களை அவர் அதட்டுகிற சத்தம் எங்கள் கடை வரை கேட்கும். முதல் சம்பளம் வாங்கிய அன்று வந்து, புதிதாக ஒரு ரோபோ கார் காசு கொடுத்து வாங்கினார். பழைய லூசு வண்டி வீட்டில் அலமாரியில் நிற்கிறதாம். இனி எதற்கண்ணே இன்னொன்று, கைதான் தேறிவிட்டதே என்று நான் கேட்டேன். பெட்டியை வலது கையில் வாங்கிக்கொண்டு சொன்னார்: “காராக்கி முடிக்கிறப்ப அந்தக் கூரை ‘டக்’குன்னு பூட்டும் பாருங்க தாயி. காலையில அந்தச் சத்தம் ஒருவாட்டி கேட்டாத்தான் எனக்குக் காப்பியே எறங்குது.”

இத்தனைக்கும் பிறகு எனக்கு மிஞ்சியது, “இது தரமான பொம்மைதானா?” என்று கேட்கிறவர்களிடம் பதில் சொல்லாமல், “எந்தக் கைக்கு?” என்று திருப்பிக் கேட்டு வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்ளும் ஒரு பழக்கம்தான்.